போஸ்தோபே சாலையின் கேட்காரர்

எங்கள் வட்டாரத்தில் நவம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை அதிகமாக வசவு வாங்குகிறவர் யார் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூட ஒராஸ்பாய் பெயரைத்தான் சொல்லும். மாவட்டத் தலைவரை நாங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவோம். ஒராஸ்பாயை முகத்துக்கு நேராகவே திட்டலாம். கேட்டுக்கொண்டு நிற்பார், பிறகு உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொல்வார்.

கராஷிலிக் ஊர் தாண்டி, போஸ்தோபே போகும் சாலை வெறும் புல்வெளிக்குள் இறங்குகிற இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த ஒரு தடுப்புக்கட்டை இருக்கிறது. பக்கத்தில் இரும்பு அடுப்பு வைத்த ஒரு மரக்கொட்டகை. பனிப்புயல் வருகிறது என்று மேலிடத்திலிருந்து போன் வந்தால் கட்டையை இறக்க வேண்டும். போய்விட்டது என்று போன் வந்தால் தூக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு எப்போதுமே அந்தப் பக்கம் தலைபோகிற காரியம் இருக்கும். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குச் சந்தை, ஒருவனுக்கு மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள். பாதி பொய், பாதி நிஜம். ஒராஸ்பாய் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டு, "உசிரோட போய்ச் சேருங்க, நாளைக்குப் போய்ச் சேருங்க" என்பார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அரசாங்கப் பண்ணை இருந்த காலத்தில் அவர் கோதுமை லாரி ஓட்டினார். ஒரு பிப்ரவரியில் லாரியோடு பனிக்குள் புதைந்து, தோண்டி எடுப்பதற்குள் இடதுகாலில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தார். பிறகு பண்ணை கலைந்தது. அறுவடை இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு அறுத்து விற்றார்கள், லாரியும் அதோடு போயிற்று. சில வருஷம் வேலை இல்லாமல், பிறர் ஆட்டை மேய்த்து, அடுத்தவன் வீட்டு அடுப்புக்கு நிலக்கரி இறக்கி வயிற்றைக் கழுவினார். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்தக் கட்டை. அவர் மனைவி பாதிஷ், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். ரவ்ஷான் என்று ஒரே மகள்.

கட்டையை ஏற்றி இறக்குவதைத் தவிர அவருக்கு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. வானிலை கேட்பது. நாங்கள் எல்லாரும்தான் கேட்கிறோம். ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் பெண் எங்கள் மாநிலத்தின் பெயரைச் சொன்னதும் காதைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டைப் பார்ப்போம். ஒராஸ்பாய் நாடு முழுக்கக் கேட்பார். காஸ்பியன் கரையில் என்ன, அதிராவில் என்ன, அக்தொபேயில் என்ன, அங்கிருந்து கிழக்கே பவ்லோதார் வரைக்கும், தெற்கே மலையடிவாரம் வரைக்கும். இவ்வளவு பெரிய தேசத்தில் புயல் ஒரே நாளில் வந்துவிடாது என்பார். திங்கள்கிழமை மேற்கே பிறந்தால் வெள்ளிக்கிழமைதான் கிழக்கே போய்ச் சாகும். நடுவில் யார் யார் வீட்டு வாசலை மிதித்துக்கொண்டு போகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அவருடைய சித்தப்பா மகன் பஹித் மேற்கே அக்தொபேயில் இருந்தான். அங்கே சாலையை மூடினால் பஹித் போன் பண்ணுவான். அதற்கு மறுநாள் இங்கே மூடவேண்டி வரும். வருஷக்கணக்காக இந்தக் கணக்கு தவறியதில்லை.

ஊரும் இதைக் கவனித்தது. குளிர்கால இறைச்சிக்குக் குதிரை அறுக்க நாள் பார்ப்பவர்களும், மகளை ஊரிலிருந்து கூட்டிவரப் போகிறவர்களும் தொலைக்காட்சியை விட்டுவிட்டு ஒராஸ்பாயிடம் வந்து கேட்டார்கள். திட்டு வாங்கியே பழகிய மனிதருக்கு அது இனித்தது. அதில் தப்பில்லை. ஆனால் நாள் போகப் போக அந்தத் தொலைக்காட்சிப் பெண் சொல்வதைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அடுத்த சில நாள்களுக்கான நிலவரத்தைச் சொன்னாள். திங்களன்று மேற்கே மழையும் பனியும் கலந்து கொட்டும், சாலைகள் கண்ணாடியாகும். செவ்வாயன்று அக்தொபேயில் பனிப்புயல். அதே செவ்வாயன்று உரால் மலைப் பக்கமிருந்து கடுங்குளிர்க் காற்று ஒன்று வடக்கு வழியாக இறங்கி எங்கள் மாநிலத்துக்குள் வரும். புதனன்று அஸ்தானா, கராகந்தா. வியாழனன்று பவ்லோதாரும் கிழக்கும். அதற்குப் பின்னால் நாடு முழுக்க வானம் தெளிந்து உறைகுளிர் பிடிக்கும். சொல்லிக்கொண்டே வரைபடத்தின் மேல் உள்ளங்கையை வடக்கிலிருந்து கீழாக இழுத்தாள்.

ஒராஸ்பாய் சிரித்தார். "அந்தப் பொண்ணுக்கு மேப்புல கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல. வடக்கேயிருந்து எந்தக் காலத்துல நமக்குப் புயல் வந்துச்சு?"

"அவ படிச்சவ, தெரியாமலா சொல்லுவா?" என்றாள் பாதிஷ்.

"படிச்சவதான். இங்க வந்து நின்னு பாத்திருக்காளா?" என்று சொல்லிவிட்டு அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கட்டையை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் இறக்கினார். மனதுக்குள் என்ன நினைத்தாலும் உத்தரவை மீறுகிறவர் அல்ல. ஆனால் வெளியே நின்று பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்று அசையவில்லை. வெயிலில் பனி கண்ணைக் கூச வைத்தது. நிலக்கரி ஏற்றிய லாரிக்காரன் ஒருவன் ஒராஸ்பாயின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுத் திரும்பினான். இன்னும் சில வண்டிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

திரும்பாமல் நின்றது ஒரு ரொட்டி வண்டி மட்டும். ஓட்டி வந்தவன் பெயர் ஐதோஸ். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஒல்லி, காது மட்டும் பெரிதாக இருக்கும். மாவட்டத் தலைநகரில் உள்ள ரொட்டிக்கடையிலிருந்து சுற்று ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். போஸ்தோபேயில் ஒரு துக்கவீட்டுக்காக நிறைய ரொட்டி கேட்டிருந்தார்கள், அதனால் எப்படியும் இன்றைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். ஆனால் சண்டை போடவில்லை. கட்டை தூக்குகிற வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லி, கொட்டகைக்குள் வந்து அடுப்பருகில் உட்கார்ந்தான். சூடு ஆறாத ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து ஒராஸ்பாய் கையில் வைத்தான்.

"அண்ணே, இந்தச் சூரியன் எப்படி உள்ள வந்துச்சு? அதுக்கு மட்டும் கேட்டத் திறந்து விட்டீங்களா?" என்று கேட்டான். ஒராஸ்பாய்க்கு அவனைப் பிடித்துப் போயிற்று. லாரிக்காலத்துக் கதைகளை எல்லாம் சொன்னார். விரல் போன கதையையும் சொன்னார். அவன் அம்மா ஷாரிபா தனியாக இருக்கிறாள் என்றும், அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும், வருகிற பெண் ரொட்டி வாசனை பொறுப்பவளாக இருக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான்.

அப்போதுதான் முகாஷின் கறுப்பு ஜீப் வந்து நின்றது.

முகாஷ் ஒராஸ்பாயின் சம்பந்தி. ரவ்ஷானை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. குதிரை மந்தை வைத்திருக்கிற குடும்பம். பெண் எடுக்கும்போது இவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்தில் ஒராஸ்பாயை வீட்டில் பெரிய விருந்தாளிக்கென்று இருக்கும் உச்ச இடத்தில் உட்காரவைத்து, தோளில் வெல்வெட் அங்கி போர்த்தி, ஊர் பார்க்க மரியாதை செய்தார். கேட்காரன் என்று இளக்காரமாகப் பேசிப் பழகிய வாய்களெல்லாம் அன்றைக்கு அடைத்துப் போயின. ஒராஸ்பாய் அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

முகாஷ் இறங்கி வந்தார். வந்தவர் ஒராஸ்பாயைக் கட்டிக்கொண்டு அழுதார். போஸ்தோபேயில் இருந்த அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். துக்கவீடு என்று ஐதோஸ் சொன்னது இதைத்தான் என்று ஒராஸ்பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் சேர்ந்து அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உத்தரவு வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

முகாஷ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒராஸ்பாய்க்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கிறாங்க, சம்பந்தி. என்னைத் தூக்கி வளத்த அண்ணன். என் கையால ஒரு பிடி மண்ணு போடாம அவரை அனுப்ப முடியுமா? வானத்துல ஒரு மேகத்தக் காட்டுங்க, நான் திரும்பிப் போயிடறேன்."

அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை. எங்களில் சண்டை போட்டு வருஷக்கணக்காகப் பேசாதவன்கூட மண் போடும் நேரத்துக்கு வந்து நிற்பான். துக்கத்துக்குப் போகிறவனை வழியில் மறித்தவன் என்ற பெயர் ஒருவனுக்கு வந்துவிட்டால் அது அவன் பேரன் காலத்திலும் போகாது.

ஒராஸ்பாய் ஜீப்பைப் பார்த்தார். பின்சீட்டில் முகாஷின் மனைவி. அவள் பக்கத்தில் ரவ்ஷான், கோட்டுக்குள் கைக்குழந்தையை அணைத்தபடி. பெண்ணையும் குழந்தையையுமாவது இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர் கேட்டுப் பார்த்தார். மருமகள் இல்லாமல் துக்கவீட்டுக்குள் எப்படிப் போய் நிற்பது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று சம்பந்தியம்மாள் கேட்டாள். ரவ்ஷான் கண்ணாடியை இறக்கி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அப்பா, மாமா இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல."

ஒராஸ்பாய் தள்ளிப் போய் பஹித்துக்குப் போன் போட்டார். அக்தொபேயில் காலையில்தான் காற்று ஆரம்பித்திருக்கிறது என்றான் பஹித். அப்படியானால் இங்கே நாளைக்குத்தான். கணக்கு சரியாக வந்தது. வடக்கிலிருந்து இழுத்த அந்த உள்ளங்கை ஒரு கணம் ஞாபகத்தில் வந்தது. வேண்டுமென்றுதான் அதை ஒதுக்கினார். வந்து, கட்டையின் அடிமுனையில் தொங்கும் எடைக்கல்லைப் பிடித்து அழுத்தினார். கட்டை மேலே போயிற்று.

ஜீப் பறந்தது. அவர் கட்டையை இறக்கத் திரும்பியபோது ஐதோஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். ஒரு கையில் போன், யாரிடமோ சிரித்துப் பேசியபடி, இன்னொரு கையை நெற்றிக்குத் தூக்கி அவருக்கு ஒரு சலாம் வைத்தான். அந்த நொடியில் அவர் கட்டையை இறக்கியிருக்கலாம். கை கட்டையின் மேல்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் காத்திருந்தவன், கையில் ரொட்டி வைத்தவன், அவன் முகத்துக்கு எதிரே சொந்தக்காரனுக்குத் திறந்து அவனுக்கு மூடுவதா? வெட்கம் கையைப் பிடித்துக்கொண்டது. ரொட்டி வண்டி உள்ளே போயிற்று. வழியில் நின்றுபோனால் வண்டியின் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள் என்று இந்தச் சாலையில் போகிற ஒவ்வொருவனுக்கும் அவர் சொல்வதுண்டு. அன்றைக்குச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு முன்னாலேயே காற்று வந்தது. மேற்கிலிருந்து வரவில்லை. கொட்டகை வாசலில் நின்றிருந்த ஒராஸ்பாயின் வடக்குப் பார்த்த கன்னத்தில் முதலில் அறைந்தது. வடக்கே வானத்தின் அடி சாம்பலாகி, அந்தச் சாம்பல் எழுந்து நடந்து வருவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கட்டை தெரியவில்லை. ரவ்ஷானுக்குப் போன் போட்டார். மணியே அடிக்கவில்லை. மறுபடி போட்டார். முகாஷுக்குப் போட்டார். அடுப்பில் விறகு போடவும் மறந்து, கொட்டகைக்குள் நின்று அல்லாவிடம் பேரம் பேசினார். மகளையும் குழந்தையையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, என் மற்ற விரல்களையும் எடுத்துக்கொள் என்றார்.

போன் வந்தது. ரவ்ஷான்தான்.

"சேர்ந்துட்டோம்பா. ஊருக்குள்ள நுழையவும் காத்து ஆரம்பிக்கவும் சரியா இருந்துச்சு. காத்தப் பாத்துட்டு அவசரமா எடுத்தாங்க, மாமா மண்ணு போட்டுட்டார். உங்களப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கார்."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தை பால் குடித்ததா, கதகதப்பாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். பாதிஷைக் கூப்பிட்டுச் சொன்னார். சந்தோஷத்தில் காலையில் மிச்சம் வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். போட்ட பிறகுதான் அந்த ரொட்டி யார் கொடுத்தது என்பது ஞாபகத்துக்கு வந்தது. மறுபடி ரவ்ஷானைக் கூப்பிட்டார். அதற்குள் கோபுரமோ கம்பியோ எங்கேயோ விழுந்து தொடர்பு அறுந்துவிட்டது. ஐதோஸின் எண் அவரிடம் இல்லை.

ஜீப் போன தடத்திலேயே போனான், சேர்ந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டார். ஜீப் பறந்தது என்பதும், அந்த ரொட்டி வண்டி பழைய ஓட்டை வண்டி என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. லாரி ஓட்டிய மனிதர். இருந்தாலும் சேர்ந்திருப்பான் என்றே சொல்லிக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் மாவட்டத்திலிருந்து போன் வந்தது, கொட்டகையில் இருக்கும் அலுவலகப் போனில். மேலதிகாரிதான். பனியில் ஓடக்கூடிய சங்கிலிச்சக்கர வண்டி ஒன்று கைவசம் இருக்கிறது, எந்தச் சாலைக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

"உன் பக்கம் உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா, ஒராஸ்பாய்?"

ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் இருந்தது. உள்ளே ஒரு வண்டி இருக்கிறது என்றால், கேட் மூடியிருக்கும்போது எப்படிப் போயிற்று என்று கேட்பார்கள். யாருக்காகத் திறந்தாய் என்று கேட்பார்கள். துக்கத்தில் இருக்கும் சம்பந்தியின் பெயர் வரும். வேலை போகும். பையனோ சேர்ந்திருப்பான்.

"யாருமில்ல," என்றார் ஒராஸ்பாய்.

சங்கிலிச்சக்கர வண்டி வேறு சாலைக்குப் போயிற்று. அங்கே பனியில் சிக்கிய ஒரு பேருந்திலிருந்து ஜனங்களை மீட்டது. அது நல்ல காரியம்தான். ஒராஸ்பாய் பின்னால் பல தடவை அதை நினைத்து ஆறுதல் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அந்தத் தொலைக்காட்சிப் பெண் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இரண்டு காற்றும் எங்கள் தலைக்கு மேல் மோதிக்கொண்டு புதன் முழுக்க ஆடின. அன்றைக்கே அஸ்தானாவையும் கராகந்தாவையும் பிடித்துக்கொண்டு, பிறகு கிழக்கே நகர்ந்தன. வியாழனன்று காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, மூச்சு மீசையில் உறைந்தது. பனி அள்ளும் வண்டியில் ஒராஸ்பாயும் ஏறிக்கொண்டார். எதற்கு நீ என்று ஓட்டுநர் கேட்டான். சும்மாதான் என்றார்.

பாழடைந்த பழைய ஆட்டுப்பட்டி ஒன்றின் பக்கத்தில், பனிமேட்டுக்கு மேலே ஒரு வண்டியின் கூரை விளிம்பு தெரிந்தது. ஒராஸ்பாய்தான் முதலில் குதித்தார், கையாலேயே தோண்டினார். ஐதோஸ் கோட்டைப் போர்த்திக்கொண்டு சீட்டில் சுருண்டு படுத்திருந்தான். குளிருக்காக என்ஜினை ஓட விட்டிருக்கிறான். பனி பின்னால் புகைக்குழாயை மூடியிருக்கிறது. புகை உள்ளே வந்து அவனைத் தூக்கத்திலேயே முடித்துவிட்டது. பின்பக்கம் அடுக்கியிருந்த ரொட்டிகள் கல்லாக உறைந்திருந்தன. ஒராஸ்பாய் பனியில் உட்கார்ந்து, பெற்றவனைப் போல வாய்விட்டு அழுதார். இளகிய மனசு என்று நினைத்து ஓட்டுநர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தச் சங்கிலிச்சக்கர வண்டியை இங்கே அனுப்பியிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பானா? ஒருவேளை அதற்கு முன்பே முடிந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவரைத் தின்றது.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேலதிகாரி வந்தார். கேட்டைச் சுற்றிப் புல்வெளி வழியாகத் திருட்டுத்தனமாகப் போகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அதனால் அவரே கேள்வியும் கேட்டு அவரே பதிலும் சொன்னார்.

"சுத்திப் போயிருப்பான். அப்படித்தானே?"

ஒராஸ்பாய் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது போதுமானதாக இருந்தது. மாவட்டப் பத்திரிகையில் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று எழுதினார்கள். எச்சரிக்கையை மதிக்காமல் கேட்டைச் சுற்றிப் போன ரொட்டி வண்டி ஓட்டுநர் பலி. ஊரில் அதைப் படித்தவர்கள், இந்தக் காலத்துப் பையன்களுக்கு எதற்கும் பொறுமை கிடையாது என்றார்கள். நானும் சொன்னேன்.

அண்ணனின் ஏழாம் நாள் முடிந்ததும் முகாஷ் வந்தார். ஒராஸ்பாய்க்கு ஒரு புது ஓநாய்த்தோல் கோட் கொண்டுவந்து, தன் கையாலேயே தோளில் போர்த்தினார். உங்களால்தான் என் அண்ணனுக்கு மண் போட்டேன் என்று கண்கலங்கினார். ரொட்டி வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு வண்டி வந்ததையே அவர் கவனித்திருக்கவில்லை. சம்பந்தி போன பிறகு ஒராஸ்பாய் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பாதிஷ் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இத வெளிய சொன்னா, அவங்க வீட்டுச் சாவுக்கு ஒரு பையன் பலியானான்னு ஊரு பேசும். ரவ்ஷான் அந்த வீட்டுல எப்படி இருப்பா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

அப்படியே நாள் போயிற்று. அவர் கட்டையை ஏற்றினார், இறக்கினார். யாராவது வானிலை பற்றிக் கேட்டால், டிவியில் சொல்கிறாளே, கேளுங்கள் என்று எழுந்து போய்விடுவார். சாப்பாடு இறங்கவில்லை. ஐதோஸின் நாற்பதாம் நாளன்று, பாதிஷிடமும் சொல்லாமல், பேருந்து ஏறி மாவட்டத் தலைநகரில் இருந்த ஷாரிபாவின் வீட்டுக்குப் போனார்.

நாற்பதாம் நாளுக்கு யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. குர்ஆன் ஓதினார்கள், இறைச்சி பரிமாறினார்கள், வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒராஸ்பாய் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஷாரிபா மெலிந்த, நிமிர்ந்த பெண். காது மகனுடையது போலவே இருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று வழக்கப்படி கேட்டாள். கராஷிலிக், கேட்டில் வேலை என்று அவர் சொன்னதும் அவள் முகம் மாறியது. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உச்ச இடத்தில் உட்காரவைத்தாள். சமோவரிலிருந்து தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், கிண்ணத்தின் அடி மட்டும் நனைகிற அளவுக்கு. உட்காரவைத்துப் பேச விரும்புகிற விருந்தாளிக்கு எங்கள் பெண்கள் அப்படித்தான் ஊற்றுவார்கள்.

"உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்," என்றாள். "என் புள்ள திருட்டுத்தனமா சுத்திப் போனான்னு பேப்பர்ல எழுதிட்டாங்க. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. கேட்டுலேருந்து எனக்குப் போன் பண்ணினான். 'அம்மா, இங்க ஒரு நல்ல மனுஷன் இருக்கார், தேத்தண்ணி குடுத்தார், இப்ப கேட்டையும் தூக்கிட்டார்'னான். அதுதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது. நீங்க அவன் மேல எரக்கப்பட்டுத்தான் திறந்திருப்பீங்க. உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல."

ஒராஸ்பாய் அந்தக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவனுக்காகத் திறக்கலம்மா. என் சம்பந்திக்காகத் திறந்தேன். வண்டியில என் பொண்ணு இருந்தா. உங்க புள்ள பின்னால வந்தான், நான் மறிக்கல." மிச்சத்தையும் சொன்னார். "சாயங்காலம் ஆபீஸ்லேருந்து கேட்டாங்க, உள்ள யாராவது இருக்காங்களான்னு. தேட வண்டி இருந்துச்சு. நான் யாருமில்லன்னு சொல்லிட்டேன்."

ஷாரிபா அழவில்லை. கத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு போய்ச் சேர்ந்தாளா?"

"சேர்ந்தா."

"கைக்குழந்தை ஏதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுவும் நல்லா இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அவர் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்து, சமோவர்க் குழாயைத் திறந்து, ததும்பும்வரை நிறைய ஊற்றினாள். எழுந்து வெளியே போ என்பதை எங்களில் யாரும் வாயால் சொல்வதில்லை. இப்படித்தான் சொல்வார்கள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, "என் புள்ள சுத்திப் போகலன்னு யாருகிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றாள்.

ஒராஸ்பாய் அதைக் கொதிக்கக் கொதிக்கக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, மாவட்ட அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்தார்.